கல்யாணச் சொல்லதிகாரம்

தமிழ்நாட்டில் கல்யாணத்துக்கு யாரும் யாரையும் அமர்த்துவதில்லை; சொல்கிறார்கள். “மேளம் சொல்லியாச்சா?” “சமையலுக்குப் போன வாரமே சொல்லியாச்சு.” “பூவுக்கு இன்னும் ஆள் சொல்லலை.” ஏற்பாட்டு நிறுவனங்கள் ‘வெண்டர்’ என்றொரு சொல்லைக் கொண்டுவந்து இறக்கிப் பல வருஷங்கள் ஆகியும் அது கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குள் வரவில்லை. உள்ளே அவர் இன்னும் ‘ஆள்’தான். அந்த ஆளுக்கும் நமக்குமான ஒப்பந்தம், அதன் ஷரத்துகள், அது முறியும் விதம் எல்லாம் இந்த ஒரு வினைச்சொல்லுக்குள் அடக்கம் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக்களம், கடந்த வைகாசியில் திருச்சியில் நடந்த என் அண்ணன் மகள் கல்யாணம். மாதிரியின் அளவு ஒன்று. ஆய்வாளர், பெண்ணின் சித்தப்பா. நிதியுதவி, அண்ணன்; இது ஆய்வு என்பது அவருக்குத் தெரியாது. முறையியலுக்குத் தொல்காப்பியரிடம் எழுத்து, சொல், பொருள் என்ற மூன்று அதிகாரங்களைக் கடன் வாங்கியிருக்கிறேன். மூன்றும் ஒரே நீளத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முன்னோர் கண்டவை

அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் நடக்கிறது. உளுந்து சேர்த்துப் பொங்கிய சாப்பாடு, வரிசையாகக் கால் நட்ட பந்தல், பரப்பிய புது மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலை, ரோகிணியோடு நிலவு கூடிய விடியற்காலம். இன்றைய கணக்கில் சமையல், பந்தல், மணல் லாரி, லைட்டிங், டெக்கரேஷன், ஜோசியர் என ஆறு ஆள். யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்பதை நல்லாவூர் கிழார் எழுதாமல் விட்டது ஆய்வுலகுக்குப் பேரிழப்பு. ஆனால் பாட்டில் ஓர் இடம் என்னை நிறுத்திவிட்டது. முதலில் வேண்டியதையும் பிறகு வேண்டியதையும் முறை மாறாமல் எடுத்து எடுத்துக் கொடுக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். சத்தம் போட்டுக்கொண்டு நிற்கும் வயதான பெண்கள். இதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ளவும். பின்னால் என் அத்தை வருவார்.

சிலப்பதிகாரத்தில் பெண்களை யானைமேல் ஏற்றிப் புகார் நகருக்குக் கல்யாணம் சொன்னார்கள். அங்கேயும் சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சிவகாசி அச்சகத்துக்கு வேலை வரவில்லை. ஆண்டாளின் கனவுக் கல்யாணத்தில் யானை ஆயிரமாகிறது. கனவு என்பதால் தீவனச் செலவு பற்றிப் பேச்சில்லை. 1963-இல் ஆனந்த விகடனில் சாவி எழுதிய ‘வாஷிங்டனில் திருமணம்’, பணம் ஒரு பிரச்சினையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற பரிசோதனை. ராக்ஃபெல்லர் சீமாட்டி செலவை ஏற்கிறார். அப்பளம் இடுவதற்கே பாட்டிகள் விமானம் ஏறுகிறார்கள்.

சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தத்தில் 7-ஏ என்றொரு பிரிவு. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், உன்னைத் துணையாக ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொன்னால் கல்யாணம் செல்லும். மாலை மாற்றுவதும் மோதிரம் போடுவதும் தாலி கட்டுவதும் ‘அல்லது’ போட்டு வரிசையில் நிற்பவை. ஆக, சட்டப்படி தேவைப்படும் ஆட்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை பூஜ்யம். இதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். “மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுடா” என்றார்.

எழுத்ததிகாரம்

எழுத்தில் ஒன்றும் இல்லை. மண்டபத்தார் கொடுத்த அச்சுத்தாள் மட்டும் விலக்கு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கரண்ட் மீட்டர் பார்த்துத் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, குப்பை அள்ளத் தனி, மறுநாள் 3 மணிக்குச் சாவி. அண்ணன் கையெழுத்துப் போட்டார். யாரும் படிக்கவில்லை. நான் என் பங்குக்கு ஒரு எக்செல் தாளும் ஒரு வாட்ஸப் குழுவும் தொடங்கினேன். மேளக்காரர் அன்று மாலையே குழுவை விட்டு வெளியேறினார். பூக்காரர் மட்டும் தினமும் விடிந்ததும் ஒரு ரோஜாப் படத்தோடு காலை வணக்கம் வைத்தார். பூ என்ன விலை என்று கேட்டால் பதில் வராது.

சொல்லதிகாரம்

முதலில் வினைச்சொல்லின் வடிவங்களை வகைப்படுத்திவிடலாம். “சொல்றேன்” என்றால் சொல்லப்போவதில்லை. “சொல்லிட்டேன்” என்றால் போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை. “சொல்லியிருக்கேன்” என்றால் மச்சானிடம் சொன்னேன், மச்சான் அவரிடம் சொல்வான். இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது “சொல்லியாச்சு.” இதற்கு எழுவாய் கிடையாது. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்தத் தேதி சொன்னார் என்று ஒன்றும் தெரியாது. சொல்லுகிற காரியம் மட்டும் தானாக நடந்து முடிந்திருக்கிறது. கல்யாணத்துக்கு 9 நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஜெனரேட்டர் சொல்லியாச்சு என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தோம். விசாரித்ததில் ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லக் கேட்டவர்களாக இருந்தார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, புரட்டாசி பலருக்கு ஆகாது. மிஞ்சிய மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஊரே ஒரே நாளில் கல்யாணம் பண்ணிக்கொள்கிறது. முதல் நாள் மாட்டுத்தாவணியிலும் தோவாளையிலும் மல்லிகை விலை ஏறியதென்று பத்திரிகையில் வரும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முகூர்த்த நாளில் அதைக் கிலோ கணக்கில் கேட்கிறவருக்கு வருமான வரிக் குறியீடும் சேர்த்துக் கொடுக்கலாம். இந்த நிலையில் தேர்வு என்பது அன்றைக்கு யார் கையில் வேலை இல்லை என்று பார்ப்பது. அப்படி ஒருவர் அகப்பட்டால், முகூர்த்த நாளில் இவர் ஏன் சும்மா இருக்கிறார் என்ற சந்தேகம் வருகிறது. சந்தேகத்தைத் தீர்க்க “நம்ம ஆளுதான்” என்று யாராவது சொல்ல வேண்டும். எங்கள் போட்டோகிராபர், அண்ணியின் தம்பியுடைய சகலையின் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். அந்த அளவுக்கு நம்ம ஆள்.

சமையலுக்கு மட்டும் உண்மையான பரிசோதனை உண்டு. “வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு மண்டபத்துல வேலை இருக்கு, வந்து சாப்பிட்டுப் பாருங்க” என்பார் சமையல்காரர். அது வேறு யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம். அண்ணனும் நானும் வெள்ளைச் சட்டை, வேட்டியில் போனோம். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு “மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா? சாப்பிடாமப் போகக் கூடாது” என்றார். போகும் எண்ணம் எங்களுக்கு இல்லவே இல்லை. கூட்டு நன்றாக இருந்தது. சாம்பாரில் கொஞ்சம் வெல்லம் தூக்கல். பந்தி நடுவே பரிமாறுகிற பையன் வாளியோடு என்முன் நின்று, “சார், ரசம் விடலாமா, இன்னொரு தடவை சாம்பார் வரணுமா?” என்று கேட்டான். “விடுங்க” என்றேன். விட்டான். கைகழுவிவிட்டு வரும்போது மனசு கேட்கவில்லை. மொய் மேசையில் 101 ரூபாய் எழுதினேன். ஊரும் பேரும் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். அந்தக் குடும்பம் இன்று வரை அந்த நோட்டைப் புரட்டி, திருப்பிச் செய்ய வேண்டிய இந்த ஆள் யாரென்று தேடிக்கொண்டிருக்கக் கூடும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மேடையில் ஏறினேன். மல்லிகையும் மஞ்சள் செவ்வந்தியும் பேசியிருந்தோம். ஊதா நிறத்தில் ஆர்க்கிட் தொங்கியது.

“என்னங்க இது?”

“மாத்தச் சொன்னாங்க சார்.”

“யாரு சொன்னாங்க?”

“சொன்னாங்க சார்.”

இங்கே இலக்கணம் மறுபடியும் குறுக்கிடுகிறது. ‘சொன்னாங்க’ என்பதில் ஆண், பெண் இல்லை. ஒருவர், பலர் இல்லை. மரியாதை மட்டும் இருக்கிறது. விடாமல் கேட்டதில், “வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு” என்ற துப்பு கிடைத்தது. மண்டபத்தில் வெள்ளைச் சட்டைகளை எண்ணத் தொடங்கி 64-இல் நிறுத்தினேன். அதில் இருவர் டிரைவர்கள், ஒருவர் மண்டப மேனேஜர், ஒருவர் பூக்காரரேதான்.

அன்றிரவு தொடர்ந்து விசாரித்தேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தவரிடம் ஒரு வெள்ளைச் சட்டை வரிசையாகப் போடச் சொல்லியிருக்கிறது; இன்னொன்று திரும்ப வட்டமாக்கச் சொல்லியிருக்கிறது. மைக் செட்காரரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதும் வெள்ளைச் சட்டை, கூட்டச் சொன்னதும் வெள்ளைச் சட்டை. இரண்டும் ஒரே ஆளாக இருந்தாலும் வியப்பில்லை. மேலும் ஆராய்ந்ததில் சில நுட்பங்கள் பிடிபட்டன. காதில் போன் வைத்தபடி கையை மட்டும் ஆட்டும் வெள்ளைச் சட்டைக்கு உடனே கீழ்ப்படிகிறார்கள். பையில் 500 ரூபாய் நோட்டு வெளியே தெரிந்தால் கேள்வியே கிடையாது. எக்செல் தாளைக் கையில் பிடித்திருப்பவரை, அவர் நீலக் கட்டம் போட்ட சட்டையில் இருக்கும் பட்சத்தில், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒப்பந்தம் சொல்லால் ஆனது; கடைசியாகச் சொன்னவர் யாரோ அவரே ஒப்பந்ததாரர். இதை நூற்பாவாக்கி வைக்கிறேன், யாப்பு தெரிந்தவர்கள் பொறுத்தருள்க:

வெள்ளைச் சட்டையும் விரலசைப் பதுவும்
உள்ளவன் சொல்லே உரிமைச் சொல்லே.

ஆய்வாளரின் நேர்மை கருதி ஒன்றைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில் இன்னும் சாம்பார் கேட்டிருக்கக்கூடிய முப்பது நாற்பது பேருக்கு, யாரென்றே தெரியாத வீட்டில், ரசம் விடச் சொன்னது நான்.

சொல் இல்லாமலே ஒருங்கிணைப்பு நடந்த இடம் ஒன்றும் உண்டு. முகூர்த்த நேரம் காலை 7:30 முதல் 9 வரை. நாயனக்காரர் ஏதோ ஒரு ராகத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தார், தவில்காரர் வெற்றிலை போட்டபடி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் விரலை உயர்த்தினார். அவ்வளவுதான், அடுத்த நொடி கெட்டிமேளம். ஒத்திகை இல்லை, குழு இல்லை, குறுஞ்செய்தி இல்லை. ஐயரும் தவில்காரரும் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்துக்கொண்டார்கள். “சாமி, இன்னொரு தடவை, லைட் அடிச்சிருச்சு” என்று போட்டோகிராபர் சொன்னதை ஐயர் காதில் வாங்காததால் என் அண்ணன் மகளுக்கு ஒரே ஒரு தடவை கல்யாணம் நடந்தது.

மேடையில் அன்று எதுவும் காணாமல் போகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. முறம் எங்கே, நவதானியம் எங்கே, மஞ்சள் கயிறு எங்கே என்ற வழக்கமான ஓட்டம் இல்லை. மணவறைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டிமேல் என் அத்தை உட்கார்ந்திருந்தார். வயது 78. ஐயர் கேட்கும் முன்பே பொருள் அவர் கைக்குப் போனது. கூடவே அதை வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகளுக்கு உரத்த குரலில் திட்டும் போனது. “அரசாணிக்கால்ல தண்ணி ஊத்துனியா? வாய் பாத்துக்கிட்டு நிக்கறே!” ஒரு வெள்ளைச் சட்டை வந்து, தேங்காயை அந்தப் பக்கம் வைக்கலாமே என்று தொடங்கியது. “நீ யாருப்பா?” என்றார் அத்தை. சட்டை இறங்கிப் போய்விட்டது. இரண்டு நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. அத்தையை முதல் வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, கௌரவமாக உட்காரவைக்க வேண்டும் என்று அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். அவர் அங்கே உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் தாலிகூடக் கிடைத்திருக்குமா என்பது என் ஐயம்.

பொருளதிகாரம்

தொல்காப்பியர் கல்யாணத்தைப் பொருளதிகாரத்தில், கற்பியலில் வைத்தார். பொருள் என்று அவர் காசைச் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு மதியம் மூன்று மணிக்கு அதுதான் பொருள். மண்டபச் சாவி ஒப்படைக்கும் நேரமும் அது என்பதால் எல்லா ஆட்களும் ஒன்றாக வந்து நிற்பார்கள். முன்தினம் போனை எடுக்காதவர்கள்.

சமையல் கணக்கு இலைக் கணக்கு. எங்கள் எண்ணிக்கைக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கும் 47 இலை வித்தியாசம் வந்தது. உட்கார்ந்து அலசினோம். மேள செட்டில் ஐந்து பேர், போட்டோ வீடியோவில் ஆறு பேர், பூவுக்கு எட்டு, மைக், பந்தல், ஜெனரேட்டர், டிரைவர்கள் என்று ஆட்களே காலையிலும் மதியத்திலும் சாப்பிட்டதில் கணக்கு ஏறக்குறைய நேரானது. மீதி 3 இலை. அடுத்த மாதக் கல்யாணத்துக்குச் சமையலைச் சாப்பிட்டுப் பார்க்க வந்தவர்களாம். மொய் நோட்டைப் பார்த்தேன். 101 ரூபாய், தெரியாத ஊர், தெரியாத பேர்.

ஆர்க்கிட்டுக்குப் பாதி விலையில் முடித்தோம். ஒன்று மட்டும் தீரவில்லை. முதல் நாள் ரிசப்ஷன் முடிந்து, பாதிப் பேர் படுத்துவிட்ட பிறகு, இரவு பத்தரை மணிக்குச் சமையல் கட்டுப் பக்கம் வெள்ளைச் சட்டையோடு போய், “எல்லாருக்கும் ஒரு பாதாம் பால் குடுத்துருங்க” என்று சொன்னவர் ஒருவர் இருக்கிறார். அவர் இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து தொடர்புகொள்ளவும். கோபம் ஒன்றுமில்லை, பால் நன்றாகவே இருந்தது. பில் என்னிடம் இருக்கிறது, 300 டம்ளர்.