ஏழரைக்குப் போட்ட மோதிரம்

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் எனக்கு ஒரு வியாதி வரும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பல வருஷமான நான், அந்த வாரம் மட்டும் விவசாயியாகிவிடுவேன். இந்த முறையும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த மாலை, வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். மடையைத் திறந்தவர் குத்தகைக்காரர். நான் திறந்தது வாயை. யோசனை சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தவன் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன்.

எலும்பு முறியவில்லை என்றது எக்ஸ்ரே. ஆனால் மூன்று வாரமாகியும் சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலி விடவில்லை. பூட்டில் சாவியைத் திருப்பினால் உயிர் போயிற்று. அந்த இடத்தில் டி.எஃப்.சி.சி. என்று ஒரு முக்கோணக் குருத்தெலும்பு உண்டாம். பொன்னி அரிசியின் கனம்தான் இருக்கும். அது கிழிந்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

தஞ்சாவூரில் பக்கத்திலேயே 1.5 டெஸ்லா மெஷின் இருந்தது. அதை மச்சினனிடம் சொன்னதுதான் தப்பு.

"ஒன்றரையா? ஏன் அத்தான், ஒன்றரை எச்.பி. மோட்டாரை வச்சு வயலுக்குத் தண்ணி பாய்ச்சுவீங்களா? திருச்சியில 3 இருக்காம்."

டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் அளவு, மோட்டார் எச்.பி. அல்ல என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், என் கைக்கு ஒன்றரைதானா என்று ரோஷம் வந்துவிட்டது.

டாக்டர் பொறுமைசாலி. உடம்பிலிருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் காந்தத்துக்குள் போனதும் இரண்டு கட்சியாகப் பிரியுமாம். ஒன்று காந்தத்தோடு நிற்கும், மற்றது எதிர்த்து நிற்கும். ஏறக்குறைய சரிபாதி. 1.5 டெஸ்லாவில் பத்து லட்சத்துக்கு ஐந்து ஓட்டுத்தான் வித்தியாசம்; மொத்தப் படமும் அந்த ஐந்தை நம்பித்தான் இருக்கிறது. 3 டெஸ்லாவில் அது பத்தாகும். ஊராட்சித் தேர்தல் பார்த்தவனுக்கு இது விளங்காமல் போகுமா? சிக்னல் கூடினால் இன்னும் மெல்லிசாக நறுக்கிப் பார்க்கலாம். மணிக்கட்டு மாதிரிப் பொடிசான இடத்தில் அது நன்றாகவே உதவும்.

"ஆனா, கைக்குன்னே செஞ்ச, சிக்னல் பிடிக்கிற சுருள் வேணும். அது இல்லாத 3-ஐவிட அது இருக்கிற 1.5 தேவலை" என்றார். ஆனாவுக்கு முன்னால் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

திருச்சிக்குப் போனோம். டெக்னீஷியன் தம்பி கேட்டதும் கைக்கடிகாரம், சாவிக்கொத்து, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தேன். நடுவிரல் மோதிரத்தில் அவர் கண் நின்றது. குதிரை லாடத்தில் அடித்த மோதிரம், சுத்த இரும்பு. திருநள்ளாறு போய்வந்த சூட்டோடு ஏழரைச் சனிக்காகப் போட்டது.

இந்தக் காந்தம் பூமியின் காந்தத்தைப்போல 70,000 மடங்குக்கு மேல். இரும்பைக் கண்டால் இழுக்கும். இழுக்காவிட்டாலும் பக்கத்தில் இரும்பு இருந்தால் படம் கறுத்துக் கோணிக்கொள்ளும். 3-ல் அது இன்னும் மோசம்.

"கொஞ்ச நேரம் காந்தத்தை அணைச்சு வையேன் தம்பி."

"அணைக்கிறதுக்கு இல்ல சார். மைனஸ் 269 டிகிரி ஹீலியத்துல இருக்கு. கரண்ட் போனாலும் காந்தம் போகாது."

எங்கள் தெருவில் அப்படி ஒரு பொருளும் கிடையாது. சோப்பு, தேங்காய் எண்ணெய், நூல் என்று முக்கால் மணி நேரம் போராடியதில் மோதிரம் வந்தது, கொஞ்சம் தோலோடு. ஏழரைக்குப் போட்டது மூன்றுக்கு ஆகவில்லை.

காந்தத்தின் நடுவில்தான் புலம் சீராக இருக்குமாம். அதற்காகக் குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேல் நீட்ட வேண்டும். வானத்தில் பறக்கும் சினிமாக் கதாநாயகனின் போஸ். தொப்பைதான் தரை இறங்க மறுத்தது. காந்தம் கூடினால் சத்தமும் கூடும், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்கள் அதன் உதையில் அதிர்வதால். ஐந்தாவது நிமிஷம் அது தவில் தனி ஆவர்த்தனமாகவே கேட்டது. தஞ்சாவூர்க்காரன் கை சும்மா இருக்குமா? தாளம் போட்டுவிட்டது.

"ஆடிட்டீங்க சார். திரும்ப எடுக்கணும்."

இரண்டாம் தடவை மூக்கு அரித்தது. மூன்றாம் தடவை கையைச் சுற்றி மெத்தை வைத்து இறுக்கினார். 1977-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் குழுவினர் இதே எம்.ஆர்.ஐ. முறையில் ஒரு மனித விரலைப் படம் எடுத்தார்கள். விரலுக்குச் சொந்தக்காரர் சங்கீத ஞானம் இல்லாதவராக இருந்திருக்க வேண்டும். மான்ஸ்ஃபீல்டுக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

படத்தைப் பார்த்த டாக்டர், "ரொம்பத் தெளிவா இருக்கு. குருத்தெலும்பு நடுவுல சின்ன ஓட்டை" என்றார். நான் வெற்றியோடு மச்சினனைப் பார்த்தேன்.

"விழுந்ததால வந்தது இல்ல. வயசானா தேயும். வலியே இல்லாதவங்களுக்கும் இருக்கும். உங்களுக்கு இப்ப வலிக்கிறது சுளுக்கு."

தலைக்கு அடிக்கும் மை எல்லாம் வீண். என் வயதை 3 டெஸ்லாவில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, படம் போட்டுக் காட்டியாகிவிட்டது.

ஆறு வாரம் ஸ்பிளின்ட். கனம் தூக்கக் கூடாது, கையைத் திருகக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி ஃப்ரிட்ஜ் கதவில் காந்த வில்லையால் ஒட்டிவைத்தேன். மனைவி நின்று இரண்டு தடவை படித்தாள்.

"ஆயக் கூடாதுன்னு எழுதலையேங்க" என்று முருங்கைக்கீரைத் தாம்பாளத்தை என் பக்கம் தள்ளினாள்.

ஸ்பிளின்ட்டில் ஐந்து விரலும் வெளியேதான் இருக்கும்.