கோடைக்கால நெடுவோட்ட விசாரம்

மராத்தான் பந்தயத்தின் தூரமாகிய 42.195 கிலோமீட்டர், 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையிலிருந்து மைதானத்து அரச மேடை வரை ஓடிய தூரமென்பதும், 1921-ல் அதுவே உலகப் பிரமாணமாக்கப்பட்டதென்பதும் பலரும் அறிந்ததே. ஆனால் அப்பந்தயத்துக்கு ஆயத்தமாகும் ஒருவன், சித்திரை வைகாசியில், காஞ்சீபுரத்தில், வாரந்தோறும் முப்பது கிலோமீட்டர் ஓட நேர்ந்தால், எவ்வேளையில், எவ்வழியே, எதைப் பருகிக்கொண்டு ஓடுவது என்னும் மகத்தான பிரச்சினையைப் பண்டிதர்கள் தீண்டவேயில்லை. கடிகைகள் நடந்த ஊரில், வேதாந்த தேசிகர் அவதரித்த ஊரில், ஒரு சாஸ்திரம் இவ்வாறு அநாதையாகக் கிடப்பது நியாயமன்று ஆகையால், பூர்வபக்ஷம், சித்தாந்தம் என்ற பழைய முறைப்படியே அதை எடுத்துக்கொள்கிறேன்.

முதற் பிரமாணம் சீன யாத்திரிகர் யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பற்றி எழுதிய அவர், இந்நாட்டின் வெப்பத்தையும் ஜனங்களின் தைரியத்தையும் அடுத்தடுத்துக் குறித்தார். இரண்டுக்கும் காரண காரிய சம்பந்தம் உண்டென்று அவர் சொல்லவில்லை. கத்திரி வெயிலில் ஓடுகிறவனைக் கண்டிருந்தால் சொல்லியிருப்பார் என்பது என் அநுமானம்.

இனிப் பூர்வபக்ஷம்: விடியுமுன் ஓடினால் வெயில் ஏது என்பர் சிலர். வியர்வை சுரந்தால் மட்டும் போதாது, அது ஆவியாகவும் வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டு நீங்கும். விடியற்காலையிலோ காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், அது முழங்கையிலிருந்து வீணே சொட்டிப்போகிறது என்பதை இவ்வாதிகள் யோசிப்பதில்லை. அன்றியும், அவ்வேளையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்கள் ஓடுகிறவனுக்குச் சொந்தமல்ல. நெசவாளர் குடும்பங்கள் பட்டுப் பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை பிரித்து நீவும் நேரம் அது. மூச்சிரைக்க வருகிறவனைப் பார்த்து, "ஏன் தம்பி, பஸ் போயிடுச்சா?" என்று அநுதாபத்துடன் விசாரிக்கும் பெரியவர், மறு கையால் பாவை விட்டு ஒதுங்கிப் போகும்படி சைகையும் செய்கிறார். இழை அறாமலிருக்கப் பாவுக்கு ஊட்டும் கஞ்சியில் ஒரு குவளையை இவனுக்கும் ஊட்டினால் பாதகமில்லை.

சித்தாந்தம் சின்னக் காஞ்சீபுரத்தில் இருக்கிறது. வைகாசி பிரம்மோத்சவத்தின் மூன்றாம் நாள் அதிகாலையில் வரதராஜப் பெருமாள் கருடாரூடராய்க் கோபுர வாசலைக் கடந்து, பெரிய காஞ்சீபுரத்துக் கங்கைகொண்டான் மண்டபம் வரை எழுந்தருளித் திரும்புகிறார். ஓடுகிறவன் தன் உடம்பை மட்டும் சுமந்து அலுத்துக்கொள்ள, ஸ்ரீபாதந்தாங்கிகளோ வாகனத்தையும் பெருமாளையும் தோளில் ஏந்தி அவ்வெயிலில் நடக்கிறார்கள். பந்தய விதிகள் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நீர்நிலையம் போதுமென்கின்றன. இங்கே ஒரு பந்தலில் வாங்கிய நீர்மோரைக் குடித்து முடிக்குமுன் அடுத்த பந்தலின் பானகம் கையில் திணிக்கப்படுகிறது. வியர்வையோடு போன உப்பை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்து நேருமென்று வைத்தியர்கள் எச்சரிப்பதை, மோரில் உப்பும் பானகத்தில் வெல்லமும் சுக்கும் சேர்க்கும் பந்தல்காரர் உபதேசமின்றியே அநுஷ்டித்துவருகிறார். ஆகவே கோடை ஓட்டம் வேகத்தின் சாஸ்திரமன்று, பந்தலின் சாஸ்திரமே என்பது ஸ்தாபிக்கப்பட்டது. வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாளாகும் என்கிறார்கள். பிரம்மோத்சவமும் பத்து நாள் என்பதை வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஓய்வு நாளுக்கும் ஆதாரம் உண்டு. ஆண்டுதோறும் கருட சேவைக்குச் சோளிங்கபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்த தொட்டாசாரியார், ஒரு வருஷம் வர இயலாமற்போக, பெருமாளே அங்கு காட்சி தந்தாரென்பது ஐதீகம். அதன் நினைவாகவே கோபுர வாசலில் இன்றும் கணநேரம் குடைகளால் பெருமாளை மறைக்கிறார்கள். முடியாத நாளில் வீட்டிலிருப்பதற்கு இதைவிட உயர்ந்த பிரமாணத்தை எந்தப் பயிற்சியாளரும் காட்ட முடியாது.

எஞ்சிய சம்சயம் ஒன்றே: மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்ந்து குடலையில் வெந்த கோயில் இட்லியை ஓட்டத்துக்கு முன் உண்பதா, பின் உண்பதா என்பது. முன்னால் உண்டவர் எவரும் அதன்பின் ஓடியதற்குச் சாட்சியம் கிடைக்கவில்லை.