முதுவேனில் பூப்பறிப்பும் உறவுமுறையும்: அமராவதி நகர் முற்றம் ஒன்றை முன்வைத்து

உறவினர் என்போர் யார் என்ற கேள்விக்கு ரத்தம், மணம், பங்காளித் தகராறு என மூன்று அடிப்படைகளில் இதுவரை விடை தேடப்பட்டிருக்கிறது. மூன்றும் போதவில்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஒருவர் நமக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதை, நம் வீட்டுப் பூச்செடியில் அவர் கைவைக்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆய்வுக்களம் அமராவதி நகர். உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலையில் தெற்கே சென்றால், ஆனைமலை அடிவாரத்தில் வரும். 1957இல் அணை வந்தது, 1962இல் சைனிக் பள்ளி வந்தது, எழுபதுகளில் முதலைப் பண்ணை வந்தது. எங்கள் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், முற்றம் எப்போது வந்தது என்பதற்கு மட்டும் ஆவணம் இல்லை. வாசலில் நிற்கும் செம்பருத்தி அணையைவிட மூத்தது என்று அம்மாயி சொல்கிறார். மறுக்கும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை. ஒன்று மட்டும் உறுதி. இவ்வூரில் வசிக்கும் உயிர்களில் அம்மாயி வீட்டுப் பூவில் இன்றுவரை கைவைக்காதவை அந்த முதலைகள்தான்.

ஆய்வுக்காலம் ஆனியும் ஆடியும். பழந்தமிழ்ப் பருவக் கணக்கில் இது முதுவேனில். ஆனால் இந்த அடிவாரத்தில் அந்தப் பெயர் ஒரு குழப்பம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கே கொட்டித் தீர்த்துவிடுகிறது, நம் பக்கம் காற்றை மட்டும் அனுப்பிவைக்கிறது. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் அங்கே பெய்ததைச் சுமந்து வர, 90 அடி அணை மெல்ல ஏறும். அணை நிரம்பும் அதே வாரத்தில் முற்றத்துச் செடிக்குக் குடத்தில் மொண்டுதான் ஊற்ற வேண்டும். "பேயறது அங்க, நெறையறது இங்க, ஊத்தறது நானு" என்பார் அம்மாயி. மழை மறைவுப் பிரதேசத்துக்கு இதைவிடச் சுருக்கமான வரையறையை நான் எந்தப் புவியியல் பாடநூலிலும் கண்டதில்லை.

அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் மல்லிக்கொடி எம்மாத்திரம்? முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. எங்கள் வீட்டில் தேர் இல்லை, பனியன் வேஸ்ட் இருக்கிறது. திருப்பூர்க் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தி மூட்டையாகக் கொண்டுவந்து போடும் கட்டிங் துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடியைப் பந்தலோடு கட்டியிருக்கிறார் அம்மாயி. பனியன் துணி இழுத்தால் நீளும், காற்றில் கொடியோடு சேர்ந்து ஆடும், தண்டை அறுக்காது. தேரில் இந்த வசதிகள் கிடையா. பாரியின் கொடை மனத்தைக் குறைத்துப் பேசவில்லை, பொருள் தேர்வைத்தான் சொல்கிறேன்.

பறிப்புக்கு வருவோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்கள் 99 என்பது மரபான எண்ணிக்கை. தலைவியும் தோழியும் சுற்றித் திரிந்து அவற்றைப் பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். அத்தனை பூவிலும் ஒன்றைக்கூட யாரிடமாவது கேட்டுப் பறித்ததாகப் பாட்டில் இல்லை. உரையாசிரியர்களும் இதைக் கண்டுகொள்ளவில்லை. எங்கள் முற்றத்தில் 99 தேறாது. மல்லி, கனகாம்பரம், செவ்வரளி, நந்தியாவட்டை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, துலுக்கச் சாமந்தி, அந்திமந்தாரை, டேபிள் ரோஸ். இவற்றில் கடைசி ஐந்தில் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து குடியேறியவை, கபிலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அம்மாயிக்கும் தெரியாது. துலுக்கச் சாமந்தியின் பூர்வீகம் மெக்சிகோ என்று ஒருமுறை சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும், தண்ணி நாந்தான ஊத்தறன்" என்றார்.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1751இல், குறித்த நேரத்தில் விரியும் பூக்களை வரிசைப்படுத்தினால் செடிகளாலேயே கடிகாரம் அமைக்கலாம் என்றார். அம்மாயியின் முற்றத்தில் அது பாதி ஓடுகிறது. பத்து மணிக்கு டேபிள் ரோஸ், நாலு மணிக்கு மேல் அந்திமந்தாரை. அடுத்து இருட்டும் வேளைக்கு மல்லி விரிந்தாக வேண்டும். ஆனால் மல்லியை மொட்டாகவே பறித்துவிடுகிறார்கள். ஆகவே மாலை ஆறு மணிக்கு மேல் இக்கடிகாரம் நேரம் காட்டுவதில்லை. லின்னேயஸுக்கு அத்தைகள் இருந்தார்களா என்பது ஆராயத்தக்கது.

பறிப்போரை நான்காகப் பகுக்கலாம். கேட்காமல் பறிப்போர் முதல் வகை. வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும் முன்பே கை கொடிக்குப் போய்விடும். மகள், மருமகள், பேத்தி, இரண்டு அத்தைகள். பறித்துவிட்டுக் கேட்போர் இரண்டாம் வகை. இவர்கள் ஒன்றுவிட்ட உறவு. கையில் இருபது மொட்டை வைத்துக்கொண்டு "ரெண்டு பறிச்சுக்கட்டுங்களா?" என்பார்கள். கேட்டுவிட்டுப் பறிப்போர் மூன்றாம் வகை, அக்கம்பக்கத்தார். "பறிச்சுக்க கண்ணு, கொடிய இழுக்காத" என்ற பதிலோடு அனுமதி கிடைக்கும். விடியற்காலையில் பாலிதீன் பையோடு வந்து மதிலுக்கு வெளியே நீட்டிய அரளியைச் சாமிக்காகக் காலி செய்பவரை எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை. அவருக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவு அது.

நான்காம் வகைதான் சிக்கலானது. நீயே பறித்துக்கொள் என்று சொன்னாலும் பறிக்காதவர்கள். இதில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், என் பெரியம்மா. தனக்கென்று சொல்லிவைத்திருந்த பித்தளை அண்டா சித்தியின் கல்யாணச் சீரில் போய்விட்டது. 19 ஆண்டுகள் ஆகின்றன. அண்டா சித்தி வீட்டுப் பரணில் இருக்கிறது, அதில் யாரும் ஒருநாளும் தண்ணீர் காய்ச்சியதில்லை. பெரியம்மா எல்லா விசேஷத்துக்கும் வருவார், சாப்பிடுவார், மொய் வைப்பார். "இருக்கட்டுமுங்" என்று வெறும் கொண்டையோடு திரும்பிவிடுவார். பெற்ற தாயிடம் "ங்" போட்டுப் பேசுவது மரியாதை இல்லை என்பது கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு தரவும் உண்டு. தண்ணித்தொட்டிக்குப் பின்னால் ஒரு பட்டு ரோஸ் செடி நிற்கிறது. அதை அம்மாயி யாரையும் தொடவிடுவதில்லை. முதல் வகைக்கும் அங்கே அனுமதி இல்லை. கேட்டால் சாமிக்கு என்பார். சாமி படத்தில் நான் அந்த ரோஸைப் பார்த்ததில்லை. அது செடியிலேயே பூத்துச் செடியிலேயே உதிரும்.

ஆனிக் கடைசி ஞாயிறு, தங்கை மகளுக்குக் காதுகுத்து. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திருப்பூரிலிருந்து கூட்டம் வந்து இறங்கியது. விசேஷத்தின் முந்தைய மாலை ஒரு முற்றம் படும் பாட்டைக் கள ஆய்வாளர் நேரில் கண்டாலன்றி நம்பமாட்டார். அத்தைகள் பறிக்க, திண்ணையில் சித்தி கோன் நூலில் கட்ட, பிள்ளைகள் இரண்டிரண்டு மொட்டாக எடுத்துக் கொடுத்துக் கைமடி வேலை பார்த்தார்கள். சித்தி கம்பெனியில் செக்கிங். முழம் என்பது அவரவர் கைக்கணக்கு என்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. இஞ்ச் டேப் வைத்து 18 அங்குலம் அளந்தார், அத்தை கட்டிய சரத்தில் மொட்டுகளின் இடைவெளியைப் பார்த்து "இது ஆல்டரு" என்று ஒதுக்கிவைத்தார். அந்த ஆல்டர் சரம்தான் மறுநாள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அலறிய குழந்தையின் தலைக்குப் போனது. இரவு எட்டு மணிக்கு முற்றத்தில் மிஞ்சியவை கோழிக்கொண்டையும் தொட்டிக்குப் பின்னால் உள்ளதும். பெரியம்மா எல்லோருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தார். பூ வைத்துக்கொள்ளவில்லை.

ஆடி பிறந்ததும் ஆய்வின் போக்கு மாறுகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, சந்தையில் முகூர்த்தப் பூவுக்குக் கேள்வி இல்லை. செடிக்குப் பஞ்சாங்கம் தெரியாதாகையால் அது பாட்டுக்குப் பூக்கும். ஆவணி முகூர்த்தத்தில் முழம் கேட்ட விலைக்கு விற்கும்போதோ, காற்றில் அடிபட்ட கொடி களைத்துப்போயிருக்கும். தேவைக்கும் வரத்துக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மையைப் பொருளியலாளர் குறையாகக் கருதுவர். முற்றம் வைத்திருப்போர் அப்படிக் கருதுவதில்லை. பத்திரிகையும் முகூர்த்தமும் இல்லாமல் மனிதர்கள் வந்துபோகும் மாதம் இது, பூவும் அப்படியே.

ஆடிப் பதினெட்டு, நோம்பி. அணைப் பூங்காவில் கூட்டம், ஆற்றில் கூட்டம். எங்கள் வீட்டு வேப்பமரத்தில் தூரி கட்டினார்கள். பிள்ளைகள் ஆடி முடித்து, அத்தைகள் ஆடி முடித்து, வெயில் இறங்கிய பிறகு பெரியம்மா ஏறி உட்கார்ந்தார். யாரும் ஆட்டிவிடவில்லை. காற்றே ஆட்டியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தவர் கை கழுவத் தண்ணித்தொட்டிக்குப் போனார். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பட்டு ரோஸைக் கிள்ளிக் காதோரம் செருகிக்கொண்டிருந்தார்.

அடுப்படி ஜன்னலிலிருந்து அம்மாயியின் குரல் வந்தது.

"ஏம்புள்ள, ஆரக் கேட்டுப் பறிச்ச?"

பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்றையும் பறித்தார்.