மூன்றாம் வகுப்புக் குற்றவாளிகள்

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் வந்தால் போதும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்து வெயிலில் நிறுத்திவிடுவார்கள். கையில் 'தண்ணீரைக் காப்போம்' அட்டை. காக்க வேண்டியவர்கள் பந்தலுக்குள் இருப்பார்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு.

திருப்பூருக்குக் கீழே, நொய்யல் கரைப் பள்ளி ஒன்றில் அப்படியொரு விழாவுக்குப் போயிருந்தேன். ஆறு கெடாமலிருக்க நாம் என்ன செய்ய வேண்டும்? விடைகள் கரும்பலகையில் இருந்தன. பல் துலக்கும்போது குழாயை மூடு. ஆற்றில் துணி துவைக்காதே. எருமையைக் குளிப்பாட்டாதே. முப்பது பிள்ளைகள் கையை நீட்டி, 'இனிமேல் செய்ய மாட்டோம்' என்று உறுதிமொழி எடுத்தார்கள். நொய்யலைக் கெடுத்த கும்பல் ஒருவழியாகப் பிடிபட்டது. பாதிப் பேருக்கு முன்பல் விழுந்திருந்தது.

எருமை மேல் எதற்குப் பழி? அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாதென்று அதற்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட பாடம் இது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் தாண்டிக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் ஆறு நொய்யல். அதன் கரையில் பனியன் துணிக்குச் சாயம் போடும் பட்டறைகள். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறம் பனியனோடு கப்பலேறிவிடும். உப்பு நம் ஊரிலேயே தங்கிவிடும். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992இல் முடித்தார்கள். அதில் சாயத்தண்ணி வந்து தேங்கியது. 'அணையைத் திற' என்று போராடும் விவசாயி எல்லா ஊரிலும் உண்டு. 'ஐயா, திறந்துவிடாதீங்க' என்று கும்பிடும் விவசாயியை உண்டாக்கியது நம் சாதனை.

கழிவை ஆற்றில் விடுவதை நிறுத்தச் சொல்லிப் பட்டறைகளுக்கு 2006இல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் மேலும் மூன்று மாதம் கொடுத்தது. 2011 ஜனவரியில்தான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாதென்று காட்டும்வரை 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாத மூன்றாம் வகுப்புப் பையன் மறுநாள் காலையே பெஞ்சு மேல் நிற்கிறான். பெரியவர்களின் வீட்டுப்பாடத்துக்கு மட்டும் தவணைமேல் தவணை!

விழாவுக்கு வருவோம். நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன? செய்து காட்டினார்கள். தொட்டியில் கசக்கிய செய்தித்தாள்தான் மலை. மேலே போர்த்திய பிளாஸ்டிக் தாள்தான் நிலம். குறுக்கே ஒரு ரப்பர், அதுதான் அணை. சிறப்பு விருந்தினர் சாயப்பட்டறைக்காரர். பரிசுச் செலவு அவருடையது. சொட்டு நீலத்தை உச்சியில் ஊற்றும் கௌரவமும் அவருக்கே. கை பழகியிருந்தது. டீச்சர் குவளைத் தண்ணீரைத் தெளிக்க, நீலம் மடிப்பு மடிப்பாக இறங்கி, ரப்பர் முன்னால் தேங்கி, விளிம்பு தாண்டித் தரையில் வழிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஒரு சிறுமி மட்டும் தட்டவில்லை. "ஏனுங்க டீச்சர், மேல இருக்கறவங்க ஊத்துனா கீழ இருக்கறவங்கதானுங்களே குடிக்கோணும்?"

மொத்தப் பாடத்தையும் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். டீச்சர் விருந்தினரைப் பார்த்தார். விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி கண்ணு. வீட்டுல போய் அம்மாகிட்டச் சொல்லு, குழாயை மூடி வெக்கச் சொல்லி."

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். பழியும் அப்படித்தான் பாய்கிறது; பட்டறையில் கிளம்பி, அலுவலகம் அலுவலகமாக இறங்கி, கடைசியில் எட்டு வயதுப் பிள்ளையின் பல்துலக்கும் குவளையில் வந்து விழுகிறது.

விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேள்வி கேட்ட சிறுமிக்கும் துணி கிடைத்தது: ஒரு பிடி பனியன் வேஸ்ட், தரையைத் துடைக்க.