சுத்தியல் வாங்கப் போன மாப்பிள்ளைக்கு

வா மாப்ளே. அந்தத் திண்ணையில உட்காரு. தூணுல சாயாதே, எண்ணெய்க் கறை. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, எங்கேயோ அட்வான்ஸ் குடுத்துட்டு வந்திருக்கே. உங்க அம்மாகிட்ட இன்னும் சொல்லல. மாமன்கிட்ட முதல்ல சொல்லிட்டா பாதிப் பழி மாமன் தலையில விழும்னு ஒரு கணக்கு. தங்கச்சி மகனாச்சே, அந்தப் புத்தி எங்க வீட்டுப் புத்திதான். குத்தம் சொல்ல மாட்டேன்.

ஸ்டீம் ஹேமர் வாங்கப் போறியாமே! டீக்கடை முச்சூடும் அதே பேச்சு. ஒருத்தன் என்கிட்டயே வந்து, ஸ்டீம்னா இட்லி அவிக்கிறதாங்கன்னு கேட்டான். ஆமாம்னு சொல்லி வச்சேன். உன் மானம் போகக் கூடாதுல்ல.

எத்தனை எடை? 5 ஹண்ட்ரட்வெயிட்டா. 250 கிலோ சொச்சம். அதைத் தூக்கியாறதுக்குக் குட்டி யானை வண்டி பேசி வச்சிருக்கேன்னு கேள்விப்பட்டேன். ரொம்பச் சரி. அந்த 250 கிலோ எதோட எடைன்னு கேட்டியா? மேல இருந்து கீழ விழுகிறது இருக்கு பாரு, அது மட்டும்தான். பிஸ்டன், அதோட கம்பி, கம்பி நுனியில இருக்கிற இரும்புத் தலை, தலைக்கு அடியில சாமானை அடிக்கிற மேல் டை. இந்த நாலு உருப்படியோட எடையைத்தான் மெஷினுக்குப் பேரா வச்சிருக்கான். அடி வாங்குற பட்டடை அதுக்கு எட்டுப் பங்காவது இருக்கணும். அதுவே 2 டன். சிலிண்டரும் அதைத் தாங்குற ரெண்டு காலும் தனி. குட்டி யானை வந்து நிக்கட்டும், சுத்தியல் அதை ஏத்திக்கிட்டுப் போகும்.

வார்ப்புல பேரு இருக்கா? மாஸியா? அப்ப நமக்குத் தெரிஞ்ச சொந்தம்தான். மான்செஸ்டர் பக்கத்துல ஓப்பன்ஷா. பெஞ்சமின், ஸ்டீபன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு 1861-ல ஆரம்பிச்ச கம்பெனி. ரயில்வே பட்டறையில இருந்த காலமெல்லாம் அந்தப் பேரைத் துடைச்சுத் துடைச்சே என் கை தேஞ்சது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரே பட்டறை நடத்துனாங்கன்னு சொன்னா நம்ம தெருவுல எவனும் நம்ப மாட்டான். அது கிடக்கட்டும்.

ஒரே ஒரு கேள்வி கேக்குறேன், கோவிச்சுக்காதே. என்ன அடிக்கப் போறே?

முழிக்கிறே. முழி. இதைக் கண்டுபிடிச்சவனே முழிச்சவன்தான். நாஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரன். இங்கிலாந்துல கிரேட் பிரிட்டன்னு ஒரு பெரிய இரும்புக் கப்பல் கட்டுறாங்க. தண்ணியத் தள்ளுற சக்கரத்துக்கு 30 அங்குலக் கனத்துல அச்சுத் தண்டு வேணும். அத்தனை பெருசை அடிச்சு இழுக்க எவன்கிட்டயும் சுத்தியல் இல்ல. இவன் 1839 நவம்பர் 24-ந்தேதி நோட்டை எடுத்து வரைஞ்சான். நீராவி தூக்கணும், தலை விழணும், அவ்வளவுதான். பிரமாதமான படம். அதுக்குள்ள கப்பல்காரன் சக்கரமே வேணாம், பின்னாடி விசிறி போதும்னு மாத்திட்டான். அச்சும் போச்சு, ஆர்டரும் போச்சு. படம் நோட்டுலயே தூங்குச்சு.

அப்புறம் பிரான்சுல லெ குருசோன்னு ஒரு ஊர்க்காரங்க வந்தாங்க. இவன் வெளியூர் போயிருந்த சமயம். கூட்டாளி நல்ல மனுசன், பாருங்க சாமின்னு நோட்டைப் பிரிச்சுக் காட்டிட்டான். 1842-ல இவன் அங்க போனப்போ ஒரு பெரிய கிராங்கைப் பார்த்து, இதை எப்படி அடிச்சீங்கன்னு கேட்டிருக்கான். உங்க சுத்தியல்லதான்னு கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்க. இவன் நோட்டுல இருந்தது அங்க நின்னு அடிக்குது! ஓடியாந்து அந்த வருசமே பேட்டண்ட் எடுத்தான். அதுக்குத்தான் சொல்றேன், ரெண்டு வருசமா செல்போன்ல படம் வரைஞ்சு போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்டுறே பாரு, அதை நிறுத்து.

அதே லெ குருசோவுல 1877-ல 100 டன் சுத்தியல் ஒண்ணு நிறுத்துனாங்க. இன்னைக்கு ஊர் வாசல்ல அய்யனார் மாதிரி நிக்குது. உன்னோடதும் நிக்கும். கோழி அடையிறதுக்குத் தோதா, நிழலா.

சரி, வாங்கிட்டே. எங்க நிறுத்துவே? உன் பட்டறைக்கும் உங்க சித்தப்பன் வீட்டு அடுப்பங்கரைக்கும் நடுவுல ஒரு செவுரு. அவரு வீட்டு உறியில தயிர் இருந்தா மத்தே வேணாம், மத்தியானத்துக்குள்ள தானா வெண்ணெய் திரண்டுடும். சித்தி சந்தோசப்படும். செவுருல விரிசல் கண்டதும் சித்தப்பன் வருவாரு. அதனால குழியை ஆழமாத் தோண்டு. பட்டடைக்குத் தனிக் கட்டுமானம், கால்களுக்குத் தனி. ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துக் காங்கிரீட் போட்டா ஒவ்வொரு அடியும் கால் வழியாச் சிலிண்டர் வரைக்கும் ஏறும். பட்டடைக்கு அடியில பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கு. கட்டை அடியை வாங்கி முழுங்கும். காங்கிரீட் முழுங்காது, நொறுங்கும்.

அடுத்தது ஆவி. பாய்லர் வைக்கப் போறியா? 25 லிட்டருக்கு மேல கொள்ளளவுன்னா சட்டத்துக்குள்ள வந்துருவே. 1923-ல வெள்ளைக்காரன் எழுதுன சட்டம், 2025-ல நம்மாளுங்க புதுசா எழுதியிருக்காங்க. வருசா வருசம் ஆபீசர் வந்து பார்க்கணும், சர்ட்டிபிகேட் வச்ச ஆள் பக்கத்துல நிக்கணும். உனக்குக் கரி அள்ளவே ஆள் இல்ல. காத்துல ஓட்டிக்கிறேன் மாமான்னு சொல்லுவே, தெரியும். வெளிநாட்டுல சின்னப் பட்டறைக்காரங்க நிறையப் பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க, ஓடும். ஆனா கணக்குப் போட்டியா?

உன் சிலிண்டர் உள்விட்டம் 8 அங்குலம், ஓட்டம் 20 அங்குலம்னு வச்சுக்குவோம். ஒரு தடவை தூக்கி ஒரு தடவை அடிக்க 30 லிட்டர் இடத்தை ரொப்பணும். 6 கிலோ அழுத்தத்துல ரொப்பணும்னா வெளிக்காத்து 200 லிட்டருக்கு மேல உறிஞ்சும். உன்கிட்ட இருக்கிறது மச்சான் பஞ்சர் கடையில இருந்து தூக்கியாந்த கம்ப்ரசர். அது நிமிசத்துக்கு 200 லிட்டர் குடுத்தாலே சூடம் ஏத்திக் கும்பிடணும். ஆக நிமிசத்துக்கு ஒரு அடி. ஒரு அடி போட்டுட்டு வெத்தலை போடலாம். அதுக்குள்ள செவந்த இரும்பு கறுத்துப் போயிருக்கும். ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுன கதைதான்.

வழி இல்லாம இல்ல. நூல் மில்லுல கழிச்ச ஸ்குரூ கம்ப்ரசர் ஏலத்துக்கு வரும். பெரிய டேங்க் ஒண்ணு சேர்த்துக்கோ, அதையும் பரிசோதிச்சு வாங்கு. முழு வீச்சு அடிக்காம சின்னச் சின்னதா அடிக்கக் கத்துக்கிட்டா காத்து பாதிதான் செலவாகும். பிஸ்டன் ரிங்கும், கம்பி வெளிய வர்ற இடத்துல இருக்கிற கிளாண்டும் ஒழுகாம இருக்கணும், அதுதான் முக்கியம். சோப்புத் தண்ணியத் தடவிப் பாரு, நுரை எங்க கிளம்புதோ அங்கதான் உன் கரண்ட் பில்லு போகுது. பழைய கிளாண்டுல ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுத்தியிருப்பான். அதை வெறுங்கையால பிச்சு ஊதித் தள்ளாதே. நாங்க அப்படித்தான் ஊதுனோம், அதான் இப்ப ராத்திரியெல்லாம் இருமிக்கிட்டு உங்க அத்தைகிட்டத் திட்டு வாங்குறேன். தண்ணிய ஊத்தி நனைச்சு, மூக்கைக் கட்டி எடு. புதுசுக்கு கிராஃபைட் கயிறு போடு.

எண்ணெயும் மாத்தணும். ஆவிக்குக் கொழுப்பு கலந்த கெட்டி எண்ணெய், காத்துக்கு லேசான எண்ணெய். காத்துல தண்ணியும் சேர்ந்து வரும், குழாய்ல வடிகட்டி மாட்டு. மாட்டலைன்னா வெளிய போற துவாரத்துல பனி கட்டும். சித்திரை வெயில்ல பட்டறைக்குள்ள ஐஸ்! குச்சி ஐஸ் விக்கிறவன் உன்கிட்டக் கூலி கேப்பான்.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. எனக்கு அப்ப 22 வயசு. திங்கக்கிழமை காலையில. ஞாயித்துக்கிழமை முழுக்கச் சும்மா கிடந்த சிலிண்டர்ல ஆவி குளுந்து தண்ணியா நின்னிருக்கு. அடியில டிரெயின் காக்கைத் திறந்து வடிச்சிட்டு, ஆவியக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுச் சூடேத்தித்தான் வால்வைத் திறக்கணும். நான் முதல் நாள் பார்த்த சினிமாக் கதையப் பேசிக்கிட்டே லீவரை இழுத்துட்டேன். ஆவி நசுங்கும், தண்ணி நசுங்குமா? டமார்னு ஒரு சத்தம். மேல் மூடி ரெண்டாப் பொளந்து ஒரு துண்டு கூரைத் தகட்டைத் துளைச்சுக்கிட்டுப் போச்சு. மேஸ்திரி என்னை அடிக்கல. ஏணிய எடுத்துக் குடுத்து, போய் அந்த ஓட்டை வழியா வானத்தைப் பாருடான்னாரு. ஒரு மணி நேரம் பார்த்தேன். காக்கா ஒண்ணு போச்சு.

சாவியைச் சொல்லலியே. தலையில டையைப் பிடிச்சிருக்கிற ஆப்பு, அதைத்தான் நாங்க சாவிம்போம். காலையில ஒரு தடவை, சோத்துக்கு அப்புறம் ஒரு தடவை தட்டிப் பாரு. கணீர்னா இருக்கு, பொத்துன்னா கழண்டிருக்கு. அதுக்கு நேரா எவனையும் நிக்க விடாதே, பறந்தா துப்பாக்கிக் குண்டுதான். தட்டுறதுக்குச் செம்புத் துண்டை நடுவுல வச்சுக்கோ. கெட்டி எஃகு மேல கெட்டி எஃகை அடிச்சா சில்லு தெறிக்கும், கண்ணுதான் அதுக்கு விலை.

வேலை தொடங்குறதுக்கு முன்னாடி காய்ச்சுன கட்டி ஒண்ணை ரெண்டு டைக்கும் நடுவுல வச்சுக் கொஞ்ச நேரம் விடு. தொட்டா சுரீர்னு இருக்கணும். இந்த வெயில்ல எதுக்கு மாமான்னு கேக்காதே, குளுந்த எஃகுக்கு வெயிலு மழையெல்லாம் தெரியாது, பட்டுன்னு விட்டுரும். வெறும் டையும் டையும் மோத விடாதே. சாமானை நடுவுல வை. ஓரத்துல வச்சு அடிச்சா தலைக்குச் சரியா மேல கம்பி முறியும். மாத்துக் கம்பிக்கு இஎன் 24 கேட்டு வாங்கு, கெடைச்ச இரும்பைக் கடையாதே. தலைக்குக் கீழ கைய விட்டு வேலை பார்க்குறப்போ கட்டையை முட்டுக் குடு. காத்தை அடைச்சாச்சே, எங்க விழப் போகுதுன்னு நினைக்காதே. எனக்கு இந்த விரல்ல நகம் இல்ல பாரு, அதுவும் அப்படி நினைச்சதுதான்.

ஆனா ஒண்ணு. கை படிஞ்சிடுச்சுன்னா அதோட சொகமே தனி மாப்ளே. வைன் கிளாசுல முட்டையை நிறுத்தி, கிளாசு உடையாம முட்டையை மட்டும் உடைச்சுக் காட்டுவாங்களாம் அந்தக் காலத்துல. நாங்க வேர்க்கடலைதான். ஒரு டன் தலை மேல இருந்து வரும், ஓடு மட்டும் நொறுங்கும், பருப்பு முழுசா நிக்கும். பொழுதன்னைக்கும் அப்படி உடைச்சுத் தின்னிருக்கோம். வந்த அதிகாரிகளுக்கும் ஒரு கை குடுத்திருக்கோம், வறுக்காத கடலைன்னு ஒருத்தர் முகம் சுளிச்சாரு.

என்ன அடிப்பேன்னு நீ இன்னும் சொல்லல. கடப்பாரையா? கோடாலியா? கல்லு உடைக்கிறவன் உளியா? நம்ம வட்டாரத்துல எத்தனை பேரு வாங்குவான்னு எண்ணிட்டியா? எண்ணாட்டியும் பரவால்ல, நாஸ்மித்தும் எண்ணல.

அந்த வித்தவன் நேத்து போன் பண்ணி, பச்சை பெயிண்டு அடிச்சுப் பளபளன்னு தர்றேன்னு சொன்னானாமே. அடிக்க வேணாம்னு உடனே சொல்லு. பெயிண்டு ஏறிட்டா காலுல விரிசல் இருக்கான்னு பார்க்க முடியாது. சீமெண்ணெயத் தடவி, நல்லாத் துடைச்சு, மேல சுண்ணாம்பைப் பூசி வச்சா விரிசலுக்குள்ள போன எண்ணெய் ஊறி வெளிய வந்து கோடு போடும். நாளைக்குக் காலையில 6 மணி பஸ்ஸு. சுண்ணாம்பு நான் கொண்டாறேன். சீமெண்ணெய்தான் இப்பெல்லாம் லேசுல கிடைக்கிறதில்ல, உங்க அம்மா பரண் மேல ஒரு டின்னு வச்சிருக்கும். என்னத்துக்குன்னு கேட்டா, கதவு கீலுக்குன்னு சொல்லு.