மூச்சு வாங்கும் முழுவட்டம்

1995இலேயே ஆப்பிளின் குவிக்டைம் விஆர், அன்றைய மேசைக் கணினியில் 360 பாகைக் காட்சியைச் சுழற்றிக் காட்டிவிட்டது. கோயில் கோபுரத்தை முழுவட்டமாகக் காட்டும் இன்றைய இணையதளக்காரரோ 8000க்கு 4000 புள்ளிகள் கொண்ட ஒரே படத்தை அப்படியே இறக்குகிறார். ஜேபெக் கோப்பாக ஒல்லியாக வரும் அது, விரிந்ததும் நினைவகத்தில் 128 மெகாபைட்டுக்குச் சம்மணம் போடும். பழைய கணினியின் விசிறி அலறும், கோபுரம் அசையாது. "புது சிஸ்டம் வாங்குங்க சார்!" என்பார்கள். (அந்தக் காசுக்குப் பஸ் பிடித்துக் கோபுரத்தையே பார்த்துவிடலாம்.)

படத்தைக் கனசதுரத்தின் ஆறு முகங்களாக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, கண்ணில் படுவதை மட்டும் அனுப்பினால் போதும். பானெலம் என்ற இலவச மென்பொருளிலேயே இதற்கு வழியுண்டு. அப்படியே தளத்தில் ஓடும் புல்லாங்குழல் பின்னணி இசையையும் நிறுத்திவிடுங்கள், ஐயா.