ஒரே கட்டையில் இருவர்

1990களின் தொடக்கத்தில் சுவிஸ் நாட்டின் கிராவ்புண்டன் மாநிலத்தில், ஒரு மலைக்கிராமத்தின் ஸ்கீ லிப்டில் வேலை செய்தேன். மேலே ஓடும் கம்பியிலிருந்து நங்கூரம் போன்ற கட்டைகள் தொங்கி வரும். ஒன்றைப் பிடித்து, சோடியாக நிற்பவர்களின் பின்புறம் வைத்துவிட்டால் அது அவர்களை இழுத்துக்கொண்டு ஏறும். ஸ்கீக்காரருக்கு இதில் சிரமமில்லை. ஸ்னோபோர்டுக்காரப் பெடியன் பலகையில் பக்கவாட்டாக நிற்பவன். பின்காலைக் கழற்றிப் பலகைமேல் சும்மா ஊன்றி, கட்டையை முன்தொடைக்குப் பின்னால் செருகிக்கொண்டு போக வேண்டும். பாதி வழியில் பலகை ஒரு பக்கம் இழுக்கும், விழுந்துவிடுவான். நான் சிவப்புப் பொத்தானை அமுக்கி எல்லாவற்றையும் நிறுத்துவேன். வரிசை முழுக்க முணுமுணுப்பு.

அவனோடு சோடி சேர யாரும் வரமாட்டார்கள். "தனியே அனுப்பு" என்று என்னிடம் சொல்வார்கள். அந்த ஊரில் நானும் புதியவன். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது.

அவர்களின் கோபம் வெறும் வீம்பு அல்ல. பழகாதவர்கள் பலகையைக் குறுக்கே வைத்து வழுக்கி இறங்குவதில், செங்குத்தான இடத்துப் பனி சுரண்டப்பட்டு அடியிலுள்ள ஐஸ் தெரியும். ஒடுங்கிய இடத்தில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். எல்லாவற்றையும்விட மோசமானது முதுகுப்பக்கம். இடதுகாலை முன்வைப்பவன் வலப்பக்கம் பார்த்து நிற்பான். குதிக்காலை அழுத்தி இடப்பக்கம் வளையும்போது, அந்தப் பக்கமாகப் பின்னாலிருந்து முந்துகிறவர் அவன் கண்ணுக்குப் படமாட்டார். அப்படி மோதி, ஒரு ஸ்கீக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு பனியில் சுருண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கூடியவர்கள் எல்லோரும் பலகைக்காரனைத் திட்டினார்கள். ஆனால் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 1967இல் வகுத்த நடத்தை விதிகளின்படி, முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராத வழியைத் தேர்வது பின்னால் வருபவரின் பொறுப்பு. விழுந்து கிடந்தவர்தான் பின்னால் வந்தவர். அன்று அதை யாரும் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை.

பெரிய இடங்களிலும் இதே இழுபறிதான். ஸ்னோபோர்டுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சம்மேளனம் வைத்திருந்தார்கள். ஆனால் 1998 நகானோ ஒலிம்பிக்கில் அவர்களின் போட்டிகளை நடத்தும் உரிமை ஸ்கீ சம்மேளனத்துக்குப் போனது. அப்போது உச்சத்தில் இருந்த நோர்வே வீரர் தேர்யே ஹாகொன்சன் அதை எதிர்த்து, போட்டிக்கே போகவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அவர் போகாத ஹாஃப்பைப் போட்டியில் தங்கம் வென்றவர் எங்கள் மாநிலத்து அரோசாவின் ஜியான் சிம்மன். ஸ்கீ சம்மேளனம் தன் பெயரில் ஸ்னோபோர்டையும் சேர்த்துக்கொண்டது 2022இல்தான்.

இதற்கிடையே மலையில் எல்லாம் மாறிவிட்டது. இரண்டு மீற்றர் நீளத்தில் நேராக இருந்த ஸ்கீகள் போய், பலகையைப் போல இடை ஒடுங்கிய குட்டை ஸ்கீகள் வந்தன. பலகையைத் திட்டியவர்கள் அந்த வளைவின் சுகத்தைத் தங்கள் காலிலேயே கண்டார்கள். பிறகு இரு முனையும் வளைந்த ஸ்கீகள் வந்தன. இளசுகள் அவற்றில் பின்னோக்கி வழுக்கி, தாண்டித் திரிகிறார்கள். "இந்தப் பெடியளுக்கு ஒழுங்கில்லை" என்று இப்போது குறைப்படுகிறவர்கள் தலை நரைத்த ஸ்னோபோர்டுக்காரர்கள். கணவன் பலகையிலும் மனைவி ஸ்கீயிலுமாக ஒரே கட்டையில் ஏறுகிறார்கள். 2018 ஒலிம்பிக்கில் செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா ஸ்கீயில் ஒரு தங்கமும் ஸ்னோபோர்டில் ஒரு தங்கமும் வென்றபோது, எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டுக்கும் கைதட்டினார்கள்.

அமெரிக்காவில் ஆல்ட்டா, டீர் வேலி, மாட் ரிவர் க்ளென் ஆகிய மூன்று மலைகளில் மட்டும் பலகைக்கு இன்னும் இடமில்லை. ஆல்ட்டாவின் பெரும்பகுதி பொதுநிலம். அதை முன்வைத்து 2014இல் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது, 2016இல் மேன்முறையீடும் தோற்றது. முதுகுப்பக்கம் தெரியாது, பனியைச் சுரண்டுவார்கள் என்று அங்கே சொல்லப்படும் காரணங்கள் எங்கள் லிப்ட் வரிசையில் நான் கேட்டவைதான். குறுக்குப் பாதைகள் நீளமான மலையில் பலகைக்காரர் திணறுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் எங்கள் ஊரில் முதல் நாளே திரும்பிப் பார்க்கப் பழக்கினார்கள். லிப்ட்டின் மேல்முனையில், இறங்கும் வழியிலிருந்து ஒதுக்கி, காலைப் பூட்டுவதற்கு ஒரு வாங்கு போட்டார்கள். குந்தியிருப்போரை ஒடுங்கிய இடத்திலிருந்து எழுப்பி ஓரத்துக்கு அனுப்பினார்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. அந்த மூன்று மலைகளும் இதையெல்லாம் செய்து, கதவைத் திறக்க வேண்டும்.